அணுக்களை எது சேர்த்துப் பிடித்திருக்கிறது? "எட்டு வேண்டும்" என்ற பதில் போதவில்லை

இரவுப்படிப்பு:

எல்லாருக்கும் வணக்கம். வேதிப்பிணைப்பு பாடத்தை மூன்றாவது தடவையாகப் படிக்கிறேன். பரீட்சையில் எழுதும் அளவுக்குத் தெரியும், ஆனால் மனசுக்குள் அது உட்காரவே மாட்டேன் என்கிறது. சோடியம் ஒரு எலக்ட்ரானைக் கொடுக்க விரும்புகிறது, குளோரின் ஒன்றை வாங்க விரும்புகிறது, கொடுத்து வாங்கியதும் இரண்டுக்கும் வெளிக்கூட்டில் எட்டு ஆகிவிடுகிறது, அதனால் பிணைப்பு உண்டாகிறது என்று போட்டிருக்கிறது. சரி, அணுவுக்கு எட்டு வரை எண்ணத் தெரியுமா? அது எதற்காக விரும்ப வேண்டும்? விருப்பம் என்பது ஒரு விசை இல்லையே. இரண்டு அணுக்களைப் பிரிக்கப் போனால் எதிர்த்து இழுப்பது எது, அதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

இன்னொன்று. உயிரியல் பாடத்தில், செல்லுக்குள் ஆற்றலைக் கொண்டுபோகிற மூலக்கூறான ஏ.டி.பி.யின் பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிப்படுகிறது என்கிறார்கள். வேதியியல் பாடத்தில் பிணைப்பை உடைக்க நாம்தான் ஆற்றல் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். இரண்டும் எப்படிச் சரியாக இருக்கும்?

வேதியியல் வாத்தியார்:

முதலில் இரண்டாவது கேள்வியை முடித்துவிடலாம், அம்மா. பிணைப்பை உடைக்க எப்போதும் ஆற்றல் கொடுத்தாக வேண்டும். எந்தப் பிணைப்பாக இருந்தாலும் சரி, விதிவிலக்கு கிடையாது. இரண்டு அணுக்கள் பிரிந்து நிற்பதைவிடச் சேர்ந்து நின்றால் மொத்த ஆற்றல் குறைகிறது என்பதைத்தான் பிணைப்பு என்கிறோம். பள்ளத்தில் கிடக்கிற கல்லை மேலே ஏற்ற உழைக்க வேண்டும், அது பள்ளத்தில் விழும்போது ஆற்றல் வெளியே வரும். பிணைப்பு உண்டாவது விழுவது, உடைவது ஏறுவது. அவ்வளவுதான்.

ஏ.டி.பி. விஷயத்தில் உடைகிற பாதியை மட்டும் சொல்லிவிட்டு மீதியை விட்டுவிடுகிறார்கள். அங்கே ஒரு பிணைப்பு உடைகிறது, அதற்கு ஆற்றல் செலவாகிறது. ஆனால் அதோடு நீர் மூலக்கூறு சேர்ந்து புதிய பிணைப்புகள் உண்டாகின்றன. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்த எதிர்மின் பாஸ்பேட்டுகள் விலகுகின்றன, விலகியவற்றை நீர் சூழ்ந்து நிலைப்படுத்துகிறது. வரவில் செலவைக் கழித்துப் பார்த்தால் மோலுக்கு (மூலக்கூறுகளை எண்ணுகிற அளவு அது) சுமார் 30 கிலோஜூல் மிச்சம். அந்த மிச்சத்தைத்தான் உடல் பயன்படுத்துகிறது. உடைந்த பிணைப்புக்குள் ஆற்றல் பூட்டி வைத்திருந்தது என்பது தவறான படம். இந்த ஒரு வாக்கியத்தைத் திருத்துவதற்காகவே வருஷக்கணக்கில் கரும்பலகையில் பள்ளம் வரைந்திருக்கிறேன், இன்னும் வரைவேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹைட்ரஜன் மூலக்கூறின் பிணைப்பை உடைக்க மோலுக்கு 436 கிலோஜூல், குளோரின் மூலக்கூறை உடைக்க 243. மொத்தச் செலவு 679. வருவது இரண்டு மோல் ஹைட்ரஜன் குளோரைடு, ஒவ்வொன்றுக்கும் 431, ஆக 862. மிச்சம் 183 கிலோஜூல், அது வெப்பமாக வெளியே வருகிறது. எரிதல், வெடித்தல், உடலுக்குள் நடக்கிற சுவாசம் எல்லாம் இதே கணக்குதான். வலுவற்ற பிணைப்புகளைக் கொடுத்து வலுவானவற்றை வாங்குகிறோம்.

இரவுப்படிப்பு:

நன்றி சார், இது புரிந்துவிட்டது. இனிமேல் பள்ளமாகத்தான் பார்ப்பேன். ஆனால் அந்தப் பள்ளம் எப்படி வந்தது என்பதுதான் முதல் கேள்வி. இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் மின்நடுநிலை உடையவை. நடுநிலையான ஒன்று இன்னொரு நடுநிலையான ஒன்றை எதற்கு இழுக்க வேண்டும்?

வேதியியல் வாத்தியார்:

நல்ல கேள்வி. சோடியத்திலிருந்து தொடங்குகிறேன், அங்கே விசை எது என்று கண்ணுக்கு முன்னால் தெரியும். ஹைட்ரஜனை அப்புறம் பார்க்கலாம்.

"சோடியம் எலக்ட்ரானைக் கொடுக்க விரும்புகிறது" என்பதை மறந்துவிடுங்கள். தனியாக நிற்கிற சோடியம் அணுவிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்க மோலுக்கு 496 கிலோஜூல் ஆகும். அது விரும்பிக் கொடுப்பதில்லை, நாம் பிடுங்குகிறோம். குளோரின் அந்த எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு 349 திருப்பித் தருகிறது. ஆக, ஒன்றை ஒன்று பார்க்காத தூரத்தில் இருக்கிற ஒரு சோடியத்துக்கும் ஒரு குளோரினுக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கலில் 147 கிலோஜூல் நஷ்டம். இரண்டுக்கும் எட்டு வந்துவிடும், இருந்தாலும் நஷ்டம். எட்டு என்பதே காரணமாக இருந்தால் இது நடந்திருக்க வேண்டும், ஆனால் நடக்காது.

நடக்க வைப்பது நெருக்கம். எலக்ட்ரானை இழந்து நேர்மின் அயனியான சோடியமும் அதை வாங்கி எதிர்மின் அயனியான குளோரினும் கிட்டே வரவர அவற்றுக்கு இடையே உள்ள கூலும் ஈர்ப்பு, அதாவது எதிரெதிர் மின்னேற்றங்களின் இழுப்பு, கூடிக்கொண்டே போகும். சுமார் 940 பிக்கோமீட்டர் (ஒரு பிக்கோமீட்டர் என்பது மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) தூரத்துக்கு வந்ததும் அந்த ஈர்ப்பே 147-ஐ ஈடு கட்டிவிடுகிறது. அதற்கு உள்ளே வந்தால் எலக்ட்ரான் தாவுவது லாபம். உப்புப் படிகத்தில் பக்கத்துப் பக்கத்து அயனிகளின் தூரம் 282 பிக்கோமீட்டர்தான். அந்தத் தூரத்தில் ஒரே ஒரு ஜோடிக்கு ஈர்ப்பு ஆற்றல் சுமார் 490 கிலோஜூல். படிகத்திலோ ஒவ்வொரு அயனியைச் சுற்றியும் ஆறு எதிர் அயனிகள், அதற்கடுத்து பன்னிரண்டு ஒத்த அயனிகள், அப்புறம் எட்டு எதிர் அயனிகள் என்று கூட்டிக்கொண்டே போனால் ஒரு ஜோடிக் கணக்கு 1.748 மடங்காகிறது, சுமார் 860. அயனிகள் ரொம்ப நெருங்கும்போது அவற்றின் எலக்ட்ரான் மேகங்கள் தள்ளுவதைக் கழித்தால் கையில் நிற்பது 787. இதைத்தான் படிகக்கூடு ஆற்றல் என்கிறோம். 147 நஷ்டத்துக்கு எதிரே 787 லாபம். உப்பு 801 டிகிரி வரை உருகாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

எனவே உங்கள் கேள்விக்கு நேரடி பதில்: பிரிக்கப் போனால் எதிர்த்து இழுப்பது மின்விசை. வேறு எந்தப் புது விசையும் இல்லை. பொருள்களை நிறையால் இழுக்கிற ஈர்ப்பு விசை இந்தக் கணக்கில் வரவே வராது. ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் இடையே மின்விசை ஈர்ப்பு விசையைவிட 10-ஐ 39 தடவை பெருக்கினால் வருகிற மடங்கு பெரியது.

குடுவை:

வாத்தியார் சொன்ன உப்பை நான் கையில் உடைத்துக் காட்டுவேன், அதைச் சொல்கிறேன். கண்ணாடி போல் தெளிந்த பெரிய உப்புப் படிகம் ஒன்றை எடுத்து, அதன் முகத்துக்கு இணையாக ஒரு பிளேடை வைத்து, மேலே சின்னச் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. டிக் என்று பிளந்துவிடும். பிளந்த இடம் தேய்த்து வைத்தது மாதிரி வழவழவென்று இருக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் மின்னும். அதே சுத்தியலால் ஒரு செப்புக் கம்பியைத் தட்டினால் தட்டையாகுமே தவிர உடையாது.

இரண்டையும் அடுத்தடுத்து செய்து பார்த்த அன்றைக்குத்தான் எனக்குப் பிணைப்பின் வகை என்றால் என்னவென்று உறைத்தது. உப்பில் ஒரு அடுக்கு ஒரே ஒரு அயனி இடம் நகர்ந்தால், நேர் அயனிக்கு நேராக நேர் அயனி, எதிருக்கு நேராக எதிர் வந்து நிற்கும். இழுத்துக்கொண்டிருந்தவை எல்லாம் ஒரே நொடியில் தள்ளத் தொடங்கும், படிகம் தானே பிளந்துகொள்ளும். செம்பில் அப்படி யாருக்கு யார் ஜோடி என்று கிடையாது. வெளி எலக்ட்ரான்கள் எந்த ஒரு அணுவுக்கும் சொந்தமில்லாமல் உலோகம் முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. அடுக்கு நகர்ந்தாலும் பசை கூடவே இருக்கிறது. மின்சாரம் கடத்துவதும் அதே எலக்ட்ரான்கள்தான்.

ஆனால் "உலோகப் பிணைப்பு வலுவற்றது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பாதரசம் மைனஸ் 39 டிகிரியிலேயே உருகிவிடும், டங்ஸ்டன் 3422 டிகிரி வரை தாங்கும். இரண்டும் உலோகப் பிணைப்புதான்.

அலைச்சார்பு:

ஹைட்ரஜன் கேள்விக்கு யாரும் இன்னும் வரவில்லை. நான் இயற்பியல் பக்கத்திலிருந்து வருகிறேன்.

நடுநிலையான இரண்டு அணுக்கள் ஏன் ஒட்டுகின்றன என்பதைப் பழைய மின்னியல் மட்டும் வைத்து யாராலும் விளக்க முடியவில்லை. 1916-இல் கில்பர்ட் லூயிஸ் "இரண்டு அணுக்கள் ஒரு ஜோடி எலக்ட்ரானைப் பகிர்ந்துகொள்கின்றன" என்று சொன்னார். அபாரமான ஊகம். ஆனால் ஜோடி ஏன், பகிர்ந்தால் ஏன் ஒட்ட வேண்டும் என்பதற்கு அவரிடம் விடை இல்லை. 1927-இல் ஹைட்லரும் லண்டனும் அப்போதுதான் பிறந்திருந்த குவாண்டம் இயக்கவியலை ஹைட்ரஜன் மூலக்கூறுக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் அந்தப் பள்ளம் கணக்கிலிருந்து தானாக வந்து விழுந்தது.

படத்தை இப்படிப் பாருங்கள். எலக்ட்ரான் ஒரு புள்ளி இல்லை, அலை. இரண்டு அணுக்கள் நெருங்கும்போது அலைகள் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. ஏற்றமும் ஏற்றமும் சேர்ந்தால் இரண்டு கருக்களுக்கும் நடுவில் எலக்ட்ரான் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது, இது பிணைப்பு ஆர்பிட்டால் (ஆர்பிட்டால் என்றால் எலக்ட்ரான் அலை பரவியிருக்கும் வடிவம்). ஏற்றமும் இறக்கமும் சேர்ந்தால் நடுவில் வெறுமை, ஆற்றல் கூடிவிடும், இது எதிர்பிணைப்பு ஆர்பிட்டால். ஒரு ஆர்பிட்டாலில் எதிரெதிர் தற்சுழற்சி உடைய இரண்டு எலக்ட்ரான்கள் இருக்கலாம், மூன்றாவதுக்கு இடமில்லை. 1925-இல் பவுலி சொன்ன விதி இது. ஹைட்ரஜனின் இரண்டு எலக்ட்ரான்களும் கீழே உள்ள ஆர்பிட்டாலில் உட்கார்ந்துவிடுகின்றன, மூலக்கூறு நிலைக்கிறது. இரண்டு ஹீலியம் அணுக்களுக்குச் சேர்த்து நான்கு எலக்ட்ரான்கள். இரண்டு கீழே, இரண்டு மேலே. கீழே கிடைத்த லாபத்தைவிட மேலே போன நஷ்டம் கொஞ்சம் அதிகம். அதனால்தான் ஹீலியம் தனித்தே திரிகிறது.

எட்டு எங்கிருந்து வருகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. வெளிக்கூட்டில் எஸ் வகை ஒன்று, பி வகை மூன்று, ஆக நான்கு ஆர்பிட்டால்கள். நாலிரண்டு எட்டு. அது விளைவு, காரணம் இல்லை.

பொதுவாசகர்:

அதாவது, நடுவில் வந்து நிற்கிற எலக்ட்ரானை இரண்டு கருக்களும் இழுக்கின்றன, அந்த எலக்ட்ரான் பசை மாதிரி நடுவில் நின்று பிடித்துக்கொள்கிறது, சரிதானே?

வேதியியல் வாத்தியார்:

சரிதான். நான் வகுப்பில் சொல்வதும் இதேதான்.

அலைச்சார்பு:

வாத்தியார் மன்னிக்கணும், இதில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. முடிவு நிலையைப் பார்த்தால் அந்தப் படம் சரி. ஆனால் பள்ளம் உண்டாகத் தொடங்குவதற்குக் காரணம் அது இல்லை.

கருவுக்கு மிக அருகில்தான் எலக்ட்ரானின் நிலை ஆற்றல் மிகக் குறைவு. நடுவெளிக்கு அதை நகர்த்தினால் கருவின் அருகாமையை அது இழக்கிறது, அப்போது நிலை ஆற்றல் குறையாது, உண்மையில் சற்று கூடும். அப்புறம் எப்படி மொத்த ஆற்றல் இறங்குகிறது? எலக்ட்ரானை ஒரு சின்ன இடத்தில் அடைத்தால் அதன் இயக்க ஆற்றல் கூடும், இடம் விரிந்தால் குறையும். ஒரு அணுவைச் சுற்றி அடைபட்டிருந்த எலக்ட்ரானுக்கு இரண்டு அணுக்களின் இடமும் திறந்துவிடப்படுகிறது. இயக்க ஆற்றல் இறங்குகிறது. பிணைப்புக்குத் தொடக்கம் போடுவது இதுதான். 1962-இல் ரூடன்பெர்க் இதைக் கணக்காகப் பிரித்துக் காட்டினார்.

கதை அதோடு முடியவில்லை. இப்படி இயக்க ஆற்றலில் கொஞ்சம் தளர்வு கிடைத்ததும், எலக்ட்ரான் மேகம் ஒவ்வொரு கருவையும் நோக்கிச் சுருங்குகிறது. சுருங்கும்போது நிலை ஆற்றல் நன்றாக இறங்கும், இயக்க ஆற்றல் மறுபடி ஏறும். கடைசியில் மூலக்கூறு அமைதியாக நிற்கும் நிலையில் பார்த்தால், பிணைப்பு ஆற்றல் எவ்வளவோ அவ்வளவு இயக்க ஆற்றல் கூடியிருக்கும், அதன் இரு மடங்கு நிலை ஆற்றல் குறைந்திருக்கும். இது இயக்க ஆற்றலையும் நிலை ஆற்றலையும் தொடர்புபடுத்துகிற விரியல் தேற்றத்திலிருந்து வருகிறது. ஸ்லேட்டர் 1933-இலேயே மூலக்கூறுகளுக்கு இதைக் காட்டிவிட்டார். எனவே ஆரம்பத்தையும் முடிவையும் மட்டும் ஒப்பிட்டால் "ஈர்ப்புதான் காரணம்" என்று தோன்றும். வழியைப் பார்த்தால்தான் விரிவுதான் கதவைத் திறந்தது என்று தெரியும்.

வேதியியல் வாத்தியார்:

மன்னிப்பு எதற்கு, இதற்காகத்தானே இங்கே வந்து உட்காருகிறோம். ஒத்துக்கொள்கிறேன். வகுப்பில் பசை உவமையை விட மாட்டேன், ஏனென்றால் மூலக்கூறு ஓய்வாக நிற்கும்போது கருக்கள் ஒவ்வொன்றின் மேலும் எந்த விசை படுகிறது என்று கேட்டால் அதற்கு அந்த உவமை நேர்மையான பதில்: நடுவில் உள்ள எலக்ட்ரான் மேகம் இழுக்கிறது, எதிர்க்கரு தள்ளுகிறது, இரண்டும் சமமாகும் இடத்தில் 74 பிக்கோமீட்டர் தூரத்தில் ஹைட்ரஜன் நிற்கிறது. ஆனால் "ஏன் ஆற்றல் குறைந்தது" என்று கேட்கிற பிள்ளைக்கு நீங்கள் சொன்னதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரு சின்னத் திருத்தம் என் பங்குக்கு. "ஜோடி" இல்லாமல் பிணைப்பு இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இரண்டு புரோட்டான்கள், ஒரே ஒரு எலக்ட்ரான், அவ்வளவுதான் உள்ள ஹைட்ரஜன் மூலக்கூறு அயனி இருக்கிறது. அதையும் பிரிக்க மோலுக்கு 256 கிலோஜூல் வேண்டும். ஜோடி இருந்தால் 436, ஒற்றை இருந்தால் அதில் பாதிக்கு மேல். நீளம் 74-க்குப் பதில் 106 பிக்கோமீட்டர். ஒரு எலக்ட்ரானே பிடித்து வைத்துவிடும்.

குடுவை:

அலைச்சார்பு சொன்ன எதிர்பிணைப்பு ஆர்பிட்டால் வெறும் தாளில் வரைகிற கோடு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். திரவ ஆக்சிஜனைப் பார்த்த பிறகு அப்படி நினைக்கவில்லை.

ஒரு வலுவான காந்தத்தின் இரண்டு முனைகளையும் விரல் நுழைகிற அளவு இடைவெளி விட்டு வைத்தோம். முதலில் திரவ நைட்ரஜனை ஊற்றினோம். தண்ணீர் மாதிரி நிறமில்லாமல், புகைந்துகொண்டே நேராகக் கீழே கொட்டிப் போய்விட்டது. அடுத்து திரவ ஆக்சிஜன். வெளிர் நீலம், அந்த நிறமே முதல் ஆச்சரியம். ஊற்றியதும் கீழே கொட்டவில்லை. இரண்டு முனைகளுக்கும் நடுவில் பாலம் கட்டினது போல அப்படியே தொங்கி நின்றது, கொதித்துக் குமிழிவிட்டுக்கொண்டே நின்றது, ஆவியாகித் தீரும் வரை விழவில்லை.

புள்ளி வைத்து வரைகிற லூயிஸ் படத்தில் ஆக்சிஜன் மூலக்கூறின் எல்லா எலக்ட்ரான்களும் ஜோடி சேர்ந்துவிடும், எட்டு எட்டு என்று கணக்கும் சரியாக இருக்கும். ஜோடி சேர்ந்துவிட்டால் காந்தத்தில் ஒட்டக் கூடாது. ஒட்டுகிறது என்றால் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் இருக்கின்றன. மூலக்கூறு ஆர்பிட்டால் முறையில் போட்டால் ஆக்சிஜனின் கடைசி இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே உயரத்தில் உள்ள இரண்டு எதிர்பிணைப்பு ஆர்பிட்டால்களில் தனித்தனியாக உட்காரும். 1929-இல் லென்னார்ட்-ஜோன்ஸ் இதை விளக்கினார். தாளில் இருந்த அந்தக் கோடு காந்தத்துக்கு நடுவில் நீல நிறமாகத் தொங்குவதைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது.

ஒரு எச்சரிக்கை. திரவ ஆக்சிஜன் எரியக்கூடிய எதனோடு சேர்ந்தாலும் ஆபத்து. பயிற்சி பெற்றவர்கள் ஆய்வகத்தில் செய்ய வேண்டியது, தனியாக முயல வேண்டாம்.

இரவுப்படிப்பு:

அக்கா, இதைப் படிக்கும்போதே பார்த்த மாதிரி இருக்கிறது. அப்படியானால் எட்டு விதி பொய்யா? அதை வைத்துத்தான் எல்லாப் படமும் வரையச் சொல்கிறார்கள்.

வேதியியல் வாத்தியார்:

பொய் என்று சொல்ல மாட்டேன். கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின், இந்த நான்கும் உள்ள பெரும்பாலான சேர்மங்களுக்கு அது நன்றாக வேலை செய்கிறது. அந்த நான்கிலும் ஹைட்ரஜனிலும்தான் கரிம வேதியியலின் பெரும்பகுதி அடங்குகிறது. ஆனால் போரான் டிரைஃபுளூரைடில் போரானைச் சுற்றி ஆறுதான். நைட்ரிக் ஆக்சைடில் மொத்த எலக்ட்ரான் எண்ணிக்கையே ஒற்றைப்படை, எப்படி வரைந்தாலும் ஒன்று தனியே நிற்கும். கந்தகம் ஆறு ஃபுளூரின்களைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்கும்.

விதியை நம்பி எவ்வளவு காலம் கண்ணை மூடிக்கொண்டிருந்தோம் என்பதற்கு செனான் ஒரு பாடம். மந்த வாயுக்களுக்கு எட்டு நிறைந்துவிட்டது, அவை எதோடும் சேராது என்று பாடநூல்கள் எழுதின. நீல் பார்ட்லெட் பிளாட்டினம் ஹெக்ஸாஃபுளூரைடு ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பிடுங்கிவிடுவதைக் கண்டார். ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க ஆகும் ஆற்றலும் செனானிலிருந்து பிடுங்க ஆகும் ஆற்றலும் ஏறக்குறைய ஒன்றே, இரண்டும் மோலுக்குச் சுமார் 1170 கிலோஜூல். அப்படியானால் செனானிடமும் ஏன் நடக்கக் கூடாது? 1962-இல் இரண்டு வாயுக்களையும் கலக்கவிட்டார், உடனே மஞ்சள் நிறத் திண்மம் படிந்தது. விதியைப் பார்க்காமல் ஆற்றலைப் பார்த்தார், கிடைத்தது.

பொதுவாசகர்:

நான் வேதியியல் படித்தவன் இல்லை, ஆர்வத்தில் கேட்கிறேன். எலக்ட்ரான் தாவினால் அயனிப் பிணைப்பு, பகிர்ந்தால் சகப்பிணைப்பு என்று இரண்டு பெட்டி வைத்திருக்கிறீர்கள். எது எதில் விழும் என்று எப்படித் தெரியும்? நடுவில் ஒன்றும் இல்லையா?

வேதியியல் வாத்தியார்:

நடுவில்தான் பெரும்பாலானவை இருக்கின்றன. லைனஸ் பாலிங் இதை எண்ணாக்கினார். மேலே போட்ட ஹைட்ரஜன் குளோரைடையே எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் சமமாகப் பகிர்ந்தால் அதன் வலிமை 436-க்கும் 243-க்கும் நடுவில், அதாவது சுமார் 340 இருக்க வேண்டும். உண்மையில் 431. கூடுதலாக வந்த அந்த 90 எங்கிருந்து? எலக்ட்ரான் மேகம் குளோரின் பக்கம் சாய்ந்திருக்கிறது, ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் நேர்மின், குளோரின் பக்கம் கொஞ்சம் எதிர்மின், அந்த மின் ஈர்ப்பு தரும் கூடுதல் வலிமை அது. இந்த மாதிரி மிகுதிகளை வைத்து 1932-இல் எலக்ட்ரான் கவர்தன்மை அளவுகோலை, அதாவது பிணைப்பில் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் திறனுக்கான அளவுகோலை, உண்டாக்கினார். இப்போது புழங்குகிற எண்களில் ஃபுளூரின் 3.98, ஆக்சிஜன் 3.44, குளோரின் 3.16, கார்பன் 2.55, ஹைட்ரஜன் 2.20, சோடியம் 0.93. வித்தியாசம் சின்னதாக இருந்தால் பகிர்வு, பெரிதாக இருந்தால் கிட்டத்தட்ட முழுத் தாவல். எங்கே கோடு போடுவது என்பது நம் வசதி, இயற்கையில் அப்படி ஒரு கோடு இல்லை.

நிலாப்பக்கம்:

ஒரு படம் பார்த்தேன், மூலக்கூறில் அறுகோணங்களும் நடுவில் கோடுகளும் அப்படியே பாடநூலில் இருப்பது போலத் தெரிந்தன. அப்போ பிணைப்பு என்பது உண்மையிலேயே குச்சிதானா?

அலைச்சார்பு:

2009-இல் சூரிச்சில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் எடுத்த பென்டசீன் படத்தையோ அதைத் தொடர்ந்து வந்தவற்றையோ பார்த்திருப்பீர்கள். ஐந்து அறுகோணங்கள் வரிசையாக ஒட்டிய மூலக்கூறு. அணுவிசை நுண்ணோக்கியின் ஊசிமுனையில் ஒரே ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறை ஒட்டவைத்து, அதைத் தடவுவது போல மேலே நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு தள்ளுகிறது என்று அளந்தார்கள். எலக்ட்ரான் அடர்த்தி கூடிய இடத்தில் தள்ளல் கூடும். அதைத்தான் வெளிச்சமாகக் காட்டியிருக்கிறார்கள். குச்சி இல்லை, அடர்ந்த மேகம்.

குச்சி மாதிரி விறைப்பாகவும் இருக்காது. ஸ்பிரிங் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் மூலக்கூறின் இரண்டு அணுக்களும் ஒரு நொடிக்கு நூறு லட்சம் கோடி தடவைக்கும் மேலே நெருங்கி விலகி அதிர்கின்றன. எவ்வளவு குளிரவைத்தாலும் அந்த அதிர்வு முழுக்க நிற்காது.

குடுவை:

நீர் மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்பையும் யாராவது சொல்லுங்கள் என்று காத்திருந்தேன், நானே சொல்லிவிடுகிறேன். மூலக்கூறுக்குள் ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் உள்ள பிணைப்பு 463, மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் இடையே உள்ளது சுமார் 20 கிலோஜூல்தான். தண்ணீர் கொதிக்கும்போது பிரிவது இந்த இருபதுகள். 463 அப்படியே இருக்கிறது, நீராவியும் நீர்தான். "கொதித்தால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் தனித்தனியாகப் போகும்" என்று எழுதுகிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். இந்த இருபது இல்லாவிட்டால் தண்ணீர் சாதாரண வெப்பத்தில் வாயுவாக இருந்திருக்கும். அதன் உறவுக்கார ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பாருங்கள், எடை கூடுதலாக இருந்தும் மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது.

இரவுப்படிப்பு:

இரண்டு நாளாக இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு இருந்தேன். நானாக ஒரு கணக்குப் போட்டேன், சரியா பாருங்கள் சார். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா. நைட்ரஜன் மூலக்கூறின் முப்பிணைப்பு 945. மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு 1308. உடைக்க மொத்தம் 2253. உண்டாகும் ஆறு நைட்ரஜன்-ஹைட்ரஜன் பிணைப்புகளுக்கு ஒவ்வொன்றும் 391 வீதம் 2346. மிச்சம் 93 கிலோஜூல், வெளியே வர வேண்டும். லாபம்தான். பின்னே இரண்டு வாயுவையும் ஒரு பாட்டிலில் போட்டு வைத்தால் ஏன் தானாக அம்மோனியா வருவதில்லை? பள்ளம் கீழே இருக்கிறதே.

வேதியியல் வாத்தியார்:

கணக்கு சரி அம்மா. கேள்வி அதைவிடச் சரி.

பள்ளம் கீழே இருக்கிறது, ஆனால் நடுவில் மேடு இருக்கிறது. முதலில் அந்த 945-ஐத் தளர்த்தியாக வேண்டும். அறை வெப்பத்தில் மூலக்கூறுகளின் கையில் இருக்கிற வெப்ப ஆற்றல் மோலுக்குச் சுமார் இரண்டரை கிலோஜூல் என்ற அளவு. அதை வைத்துக்கொண்டு அந்த மேட்டில் ஏற முடியாது. ஹேபர் 1909-இல் அதிக அழுத்தத்தில் வினையூக்கியோடு இதைச் செய்து காட்டினார், பாஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனார். இன்றைக்கும் 400 டிகிரிக்கு மேலே சூடாக்கி, பெரும்பாலும் இரும்பை வினையூக்கியாக வைத்துத்தான் செய்கிறார்கள்.

இரவுப்படிப்பு:

இரும்பு என்ன செய்கிறது? 945 என்பது குறைந்துவிடுமா?

அலைச்சார்பு:

இதை நான் சொல்கிறேன், ஏனென்றால் விடை நீங்கள் ஏற்கெனவே எழுதிவைத்த நோட்டில் இருக்கிறது. தனி நைட்ரஜன் மூலக்கூறின் 945 மாறாது. ஆனால் அது இரும்பின் மேற்பரப்பில் வந்து உட்கார்ந்ததும் தனி மூலக்கூறாக இல்லை. இரும்பின் எலக்ட்ரான்கள் கொஞ்சம் நைட்ரஜனுக்குள் பாய்கின்றன. நைட்ரஜனின் பிணைப்பு ஆர்பிட்டால்கள் எல்லாம் நிறைந்திருக்கின்றன, வந்த எலக்ட்ரானுக்கு அங்கே இடமில்லை. எங்கே போகும்?

இரவுப்படிப்பு:

எதிர்பிணைப்பு ஆர்பிட்டாலுக்கு! அப்படியானால் முப்பிணைப்பு தளரும்.

அலைச்சார்பு:

ஆமாம். தளர்ந்து நீள்கிறது, கடைசியில் பிரிந்து இரண்டு நைட்ரஜன் அணுக்களும் தனித்தனியாக இரும்பின்மேல் ஒட்டிக்கொள்கின்றன. உடைந்ததற்கான செலவை இரும்போடு உண்டான புதுப் பிணைப்புகள் அங்கேயே ஈடு கட்டிவிடுகின்றன. அப்புறம் ஹைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்றாக வந்து நைட்ரஜனோடு சேர்ந்து, மூன்றாவது சேர்ந்ததும் அம்மோனியாவாகக் கிளம்பிவிடும். இந்தப் படிகளை ஒவ்வொன்றாக அளந்து காட்டியவர் கெர்ஹார்ட் எர்ட்ல். மேற்பரப்பு வேதியியலில் செய்த ஆய்வுகளுக்காக 2007-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எல்லாப் படிகளிலும் கடினமானது நைட்ரஜன் உடைகிற அந்த முதல் படிதான்.

குடுவை:

இதற்கு அடுத்து கார்பன் மோனாக்சைடும் உலோகங்களும் பற்றி ஒரு தனி இழை தொடங்குகிறேன். அங்கேயும் இதே எதிர்பிணைப்பு ஆர்பிட்டால் வேலைதான், ஆனால் அகச்சிவப்பு நிறமாலையில் பிணைப்பு தளர்வதை எண்ணாகவே படித்துவிடலாம். இரவுப்படிப்பு, நோட்டோடு வந்துவிடு.